கொரோனா கால மினிட் புத்தகத்தை மன்றத்தின் மேசைக்குக் கொண்டு வாருங்கள்: பேரூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சி மன்றத் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு பேரூராட்சியில் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் கட்டிக்கொண்டிருக்கும் ஆள். எந்தக் கட்சியிலும் இல்லை. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் விஷயம் அந்த ஊர்ச் சண்டையாகிவிடும். நான் கேட்கப்போவது தமிழ்நாட்டின் எல்லாப் பேரூராட்சிகளுக்கும் பொதுவானது.

2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை உங்கள் அலுவலகத்தின் மினிட் புத்தகத்தில், அதாவது தீர்மானப் பதிவேட்டில், எழுதப்பட்ட தீர்மானங்களையும், கொரோனா பெயரில் எழுதப்பட்ட செலவுகளையும் ஒரு மன்றக் கூட்டத்தில் பொருளாக வையுங்கள். படியுங்கள், விவாதியுங்கள், நகலை ஊர் பார்க்கும்படி ஒட்டுங்கள். உங்கள் பதவிக்காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

"முடிந்துபோன கதையை இப்போது எதற்குக் கிளறுகிறாய்?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டே போனது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 243U பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இங்கே தனி அலுவலர்களின், அதாவது மன்றம் இல்லாதபோது அதன் இடத்தில் அரசு உட்கார வைக்கும் அதிகாரிகளின், காலத்தைத்தான் ஆறு ஆறு மாதமாக நீட்டித்துக்கொண்டிருந்தார்கள். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நீங்கள் பதவியேற்றது மார்ச் 2-ல். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் தொற்றுநோய் வந்து, இரண்டு அலை முழுதாக அடித்து, மூன்றாவது அலை ஓய்கிற நேரத்தில்தான் எங்கள் ஊருக்கு ஒரு கவுன்சிலர் கிடைத்தார்.

பக்கத்து ஊராட்சியில் நிலைமை வேறு. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்து, ஜனவரி 6-ல் தலைவர்கள் பதவியேற்றிருந்தார்கள். நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. ஆனாலும் அங்கே ஆள் இருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லையா, ரேஷன் கடையில் தள்ளுமுள்ளா, தலைவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடலாம். எங்களுக்குச் சத்தம் போட வாசல் இல்லை. செயல் அலுவலரின் செல்போன் எண் ஒன்று இருந்தது. அது எப்போதும் பிஸியாக இருந்தது. அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை. ஒரு பக்கம் கலெக்டர் ஆபீஸ் வீடியோ கான்பரன்ஸ், இன்னொரு பக்கம் பிளீச்சிங் பவுடர் லோடு, நடுவில் எங்களைப் போல நூறு பேர்.

அப்போது எடுக்கப்பட்ட முடிவுகளில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நான் சொல்ல வருவது புரியும். சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாரச் சந்தை ஊர் நடுவில் இருக்கிறது. சுற்றுப்பட்டிகளிலிருந்து கீரை, முருங்கை, கொத்தவரை, நாட்டுத் தக்காளி என்று கூடையில் கொண்டுவரும் பெண்கள்தான் அதில் பாதிப்பேர். ஊரடங்கு வந்ததும் சந்தையை மூடினார்கள். சரி, நியாயம்தான். காய்கறி விற்பனையைப் பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். பஸ் ஓடாததால் இடம் காலியாகக் கிடந்தது, சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆட்களை நிற்க வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. பிறகு 2020 மே தொடக்கத்தில் கோயம்பேட்டைச் சுற்றித் தொற்று பரவி அந்தச் சந்தையையே மூடியதும் எல்லா ஊர் அதிகாரிகளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் கடைகளும் ஊருக்கு வெளியே ஒரு பள்ளி மைதானத்துக்குப் போயின. அங்கே நிழல் கிடையாது. டெம்போ வைத்திருந்தவர்கள் வந்தார்கள். கூடைக்காரப் பெண்கள் வரவில்லை. பஸ்ஸும் இல்லாமல் தலைச்சுமையோடு அவ்வளவு தூரம் யார் நடப்பது? சில வாரங்களில் ஊரின் காய்கறி வியாபாரம் நாலைந்து மொத்த வியாபாரிகளின் கைக்குப் போனது. சந்தை திரும்பத் திறந்த பிறகும் அந்தப் பெண்களில் பலரை நான் பார்க்கவில்லை.

மைதானத்துக்கு மாற்றியது தப்பு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். தொற்று அப்படி இருந்தது. ஆனால் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, வேறு எந்த இடங்களைப் பார்த்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்பது எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா? ஒரு மன்றம் இருந்திருந்தால் ஏதோ ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து, "தேரோடும் வீதி நாலும் சும்மாதானே கிடக்கிறது, கூடைக்காரங்களை அங்கே இடைவெளி விட்டு உட்கார வைத்தால் என்ன?" என்று கேட்டிருப்பார். கேட்டவர் தோற்றிருக்கலாம். ஆனால் அது மினிட் புத்தகத்தில் ஏறியிருக்கும். சந்தைச் சுங்கம் வசூலிக்கும் குத்தகையை ஏலம் எடுத்தவருக்கு மூடிய மாதங்களுக்குத் தள்ளுபடி கொடுத்தார்களா, கூடைக்காரர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்றும் யாராவது கேட்டிருப்பார்கள்.

தனி அலுவலர் காலத்துத் தீர்மானங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அலுவலகக் குறிப்பு, அதன் கீழே "அனுமதிக்கப்பட்டது", அப்புறம் கையெழுத்து. அவசரத்தில் வாங்கியிருந்தால் "பின்னேற்பு" (வாங்கியபின் தரும் ஒப்புதல்) என்று ஒரு வார்த்தை. குறிப்பு எழுதுவதும் அனுமதிப்பதும் ஒரே அலுவலகத்துக்குள் முடிந்துபோகிறது. மறுப்புக்கு அங்கே இடமே இல்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, இயற்கைப் பேரிடர் போன்ற நேரங்களில் டெண்டர் கோராமலே வாங்க விலக்குத் தருகிறது. அந்த விலக்கு தேவைதான். நோய் பரவும்போது லைசாலுக்கு டெண்டர் விட்டுக் காத்திருக்க முடியாது. ஆனால் அவசரத்துக்குக் கொடுத்த விலக்குக்கு அவசரம் தீர்ந்தபின் கணக்குக் கேட்பதுதானே முறை? கேட்க வேண்டிய மன்றம் அன்றைக்கு இல்லை. இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

உள்ளாட்சி நிதித் தணிக்கை பார்த்துக்கொள்ளும் என்று சொல்வீர்கள். தணிக்கைக்காரர் வவுச்சர் இருக்கிறதா, விலை சரியா என்று பார்ப்பார். தெருவை அடைக்க வாங்கிய தகரத்துக்கும் சவுக்குக் கட்டைக்கும் நாள் வாடகை சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். எந்தத் தெருவை எத்தனை நாள் அடைத்தார்கள், எந்தத் தெருவில் தொற்று இருந்தும் அடைக்காமல் விட்டார்கள் என்பது அவர் வேலை இல்லை. அது உங்கள் வேலை. எங்கள் ஊரில் யார் வீட்டுத் தெருவில் தகரம் விழுந்தது, யார் வீட்டுத் தெருவில் விழவில்லை என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கசப்பு என்று காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்தவர் ஒருவர் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்த்தார். கோப்புகள் தணிக்கையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதோடு அவரும் விட்டுவிட்டார். கேட்காமலே இப்படிப்பட்ட விவரங்களை வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-வது பிரிவு சொல்வதை யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

கூட்டம் கூடினால் நோய் பரவும், அதனால்தான் ஜனநாயகத்தைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்தோம் என்ற வாதமும் உண்டு. இதை நான் ஏற்கமாட்டேன். 2020 மே 7-ல் டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். 2021 ஏப்ரல் 6-ல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது, அதற்கு முன் எத்தனை பிரசாரக் கூட்டங்கள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் 2020 அக்டோபர் 2 கிராம சபையைக் கொரோனாவைக் காட்டி ரத்து செய்தார்கள். அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. அதைக் கண்டித்தது; பிறகு ஊர் ஊராக மக்கள் கிராம சபையும் நடத்தியது. ஆட்சிக்கு வந்தபின், 2022 ஜனவரி 26 கிராம சபையை அவர்களும் அதே காரணத்தைச் சொல்லி ரத்து செய்தார்கள். அதே ஜனவரி 26-ல்தான் உங்கள் தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது! ஓட்டுக் கேட்க வீடு வீடாகப் போகலாம், கேள்வி கேட்க மைதானத்தில் உட்காரக் கூடாது. பேரூராட்சிக்காரர்களான எங்களுக்குக் கிராம சபையும் கிடையாது என்பது வேறு விஷயம்.

கேரளம் 2020 டிசம்பரில், தொற்றுக்கு நடுவிலேயே, மூன்று கட்டமாக உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடித்தது. தொற்று வந்தவர்களும் தனிமையில் இருந்தவர்களும் ஓட்டுப் போடத் தனி ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முன்பே, முதல் ஊரடங்கிலேயே, அங்கே சமுதாயச் சமையலறைகளை நடத்தியது உள்ளாட்சிகள்தான். இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் வீட்டிலிருந்தபடி இணையம் வழியாகக் கூடலாம் என்று 2020 ஏப்ரலிலேயே விதி கொண்டுவந்தார்கள். அப்படிக் கூடிய ஹாண்ட்ஃபோர்த் என்ற சிற்றூர் மன்றத்தின் சண்டை வீடியோ உலகம் முழுக்கச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சண்டை போடவாவது அங்கே ஒரு மன்றம் இருந்தது.

தூய்மைப் பணியாளர்களையும் டி.பி.சி. என்கிற கொசு ஒழிப்புப் பணியாளர்களையும் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். கொசுப் புழுவைத் தேடித் தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒரே நாளில் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பினார்கள். தினக்கூலி ஆட்கள். ஒரு முகக்கவசத்தைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே திட்டினார்கள். அந்தப் பெண் பதில் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்று யார் யார் வேலை செய்தார்கள், அவர்களுக்குச் சம்பளம் எப்போது போனது, யாருக்குக் காய்ச்சல் வந்தது, அவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்பதும் நான் கேட்கும் அந்தக் கணக்கில் வர வேண்டும். வருகைப் பதிவேடு அலுவலகத்தில்தான் இருக்கிறது.

இதை யார் மீதும் வழக்குப் போடுவதற்காகக் கேட்கவில்லை. அடுத்த முறை நோய் வரும்போதோ, வெள்ளம் வரும்போதோ, புதிதாக மாற்றலாகி வரும் செயல் அலுவலர் அலமாரியைத் திறந்தால் அவர் கைக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். சந்தையை எங்கே மாற்றலாம், எங்கே மாற்றினால் என்ன ஆகும், எந்த வார்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் அதிகம், யாரிடம் தண்ணீர் லாரி இருக்கிறது என்பதெல்லாம் ஒருமுறை இந்த ஊர் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. கற்றவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள், அல்லது ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

அதோடு இன்னொரு தீர்மானமும் வேண்டும். ஊரடங்கு போன்ற நிலை வந்தால் மன்றம் எப்படிக் கூடும், திறந்த வெளியிலா இணையத்திலா, பார்வையாளர்கள் எப்படிக் கேட்பார்கள், அவசரச் செலவுகள் எத்தனை நாளுக்குள் மன்றத்துக்கு வந்தாக வேண்டும் என்று இப்போதே எழுதி வையுங்கள். அரசு விதி இடம் தராவிட்டால் விதியை மாற்றும்படி அரசைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். இதில் அவசரம் இருக்கிறது. 2025 ஜனவரி 5-ல் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், மறுபடியும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2027-ல் உங்கள் முறை. தேர்தல் தள்ளிப்போனால் நான் கேட்கும் கோப்புகளைத் திறக்கச் சொல்ல மறுபடி ஆளே இருக்காது.

தலைவர் நினைத்தால் அடுத்த மாதாந்திரக் கூட்டத்தின் அஜெண்டாவில் இதைப் பொருளாகச் சேர்க்கலாம். அவர் தயங்கினால் உறுப்பினர்கள் சேர்ந்து எழுத்துமூலம் கேட்கலாம். ஆளும்கட்சி உறுப்பினருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் நீங்கள் யாருமே பதவியில் இல்லை. நகலெடுக்கும் செலவை எழுதக் கணக்கில் தலைப்பு இல்லை என்று எழுத்தர் சொன்னால், எங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்தப் பணத்தை நான் கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேரூராட்சி வரிதாரர்