ஆலைக்குப் போன ஆசிரியை

அன்புள்ள இராமலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றறிந்து மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் நலம்.

ஐரோப்பிய மெய்யியலாளர்களின் விசித்திரமான வாழ்க்கைக் கதைகள் அவர்களுடைய சிந்தனையை மறைத்துவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பலருக்கு அது பொருந்தும். பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்லுக்குப் பொருந்தாது. அவருடைய வாழ்க்கையைத் தள்ளிவைத்துவிட்டு அவர் எழுத்தைப் படிக்க என்னால் இயலவில்லை.

1909இல் பாரிசில் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்து தத்துவ ஆசிரியையாகப் பணியாற்றிய அவர், விடுப்பு எடுத்துக்கொண்டு, 1934 டிசம்பரில் மின் கருவிகள் செய்யும் அல்ஸ்தோம் ஆலையில் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார்; அடுத்த ஆண்டு ஆகஸ்டு வரை, வேலையின்றி அலைந்த வாரங்கள் நீங்கலாக, ரெனோ கார் ஆலை உட்பட மூன்று ஆலைகளில் உழைத்தார். செய்து முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. ஓயாத தலைவலியோடு இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் சிந்திப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்பதை அவர் கண்டார். அந்த ஒடுக்குமுறை தம்முள் கிளர்ச்சியை எழுப்பவில்லை, தாம் சற்றும் எதிர்பாராத பணிவையே உண்டாக்கியது என்று தோழி ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை. புரட்சியைப் பற்றி நூல்களில் மட்டும் படித்த எவரும் அப்படி எழுதியிருக்க முடியாது.

துன்பப்படுபவரிடம் 'உனக்கு என்ன நேர்கிறது?' என்று முழுக் கவனத்தோடு கேட்பதே அன்பின் நிறைவு என்று அவர் பிற்காலத்தில் எழுதியதற்கும் அந்த ஆலையே வேர் என்று நான் கருதுகிறேன். ஆங்கில நாவலாசிரியரும் மெய்யியலாளருமான ஐரிஸ் மர்டாக் தம் அறவியலின் மையத்தில் வைத்தது வெய்லிடமிருந்து பெற்ற இந்தக் கவனம் என்னும் கருத்தைத்தான். வெய்லின் கையெழுத்துப் படிகள் பலவற்றை அவர் மறைவுக்குப் பின் நூலாக்கியவர் பிரெஞ்சு எழுத்தாளர் அல்பெர் காம்யு. கீதையை மூலத்திலேயே படிப்பதற்காக வெய்ல் சமஸ்கிருதம் கற்றார் என்பது தங்களுக்கு மகிழ்ச்சி தரும்.

1943இல், 34 வயதில், காசநோயுற்று இங்கிலாந்தில் இறந்தார். ஜெர்மனியால் ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சின் மக்களுக்குக் கிடைத்ததைவிடக் கூடுதலாக உண்ண அவர் மறுத்ததைப் புனிதமாகப் போற்றுவோர் உண்டு. எனக்கு அதில் வருத்தமே மிஞ்சுகிறது. இன்னும் முப்பது ஆண்டுகள் அவர் எழுதியிருக்கலாம்.

தாங்கள் நெடுங்காலம் தொழிற்சங்கத்தில் இருந்தவர். பணிவைப் பற்றி அவர் சொல்வது தங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
சுந்தரம்