பிள்ளைக்கு ஒரு கடிதம்: ஸ்பார்தக் யாருடைய அணி?

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். தோழிகளோடு ஸ்பார்தக் மாஸ்கோ கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். அந்த ஊர்க்காரர்கள் அதை ‘மக்களின் அணி’ என்று சொல்வதன் காரணத்தையும் கேட்டிருந்தாய். நெடுங்காலமாக நான் விரும்பிப் படித்துவரும் வரலாறு இது. தொலைபேசியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிக்க மனம் ஒப்பவில்லை.

சோவியத் காலத்தில் ஒவ்வொரு பெரிய அணிக்கும் பின்னால் அரசின் ஒரு துறை நின்றது. தினமோ அணி காவல்துறைக்கும் இரகசியப் போலீசுக்கும் உரியது. ராணுவத்துக்கு ஓர் அணி, ரயில்வேக்கு லோகோமோட்டிவ், மோட்டார் தொழிற்சாலைக்கு டார்ப்பிடோ. ஸ்பார்தக்கின் பின்னால் இருந்தவையோ கைத்தொழிலாளர்களும் கடை ஊழியர்களும் சேர்ந்த கூட்டுறவுச் சங்கங்கள். 1922-இல் மாஸ்கோவின் ப்ரெஸ்னியா என்னும் தொழிலாளர் வட்டாரத்தில் அந்தப் பகுதி இளைஞர்கள் தொடங்கிய அணி அது. நிகொலாய், அலெக்சாந்தர், அந்த்ரேய், பியோதர் என்ற நான்கு ஸ்தாரஸ்தின் சகோதரர்கள்தாம் அதன் உயிர்நாடி. இடையில் சில ஆண்டுகள் உணவுத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவில் ஆடியதால் எதிரணியினர் இவர்களை ‘இறைச்சி’ என்று இழித்துக் கூப்பிட்டார்கள். இன்று கேலரியில் ஒருவர் “நாம் யார்?” என்று கத்த, ஆயிரம் பேர் “இறைச்சி!” என்று பெருமையோடு பதில் முழங்குவதை நீயே கேட்பாய். அடிமைகளின் கிளர்ச்சியை நடத்திய ரோமானிய வீரன் ஸ்பார்ட்டகஸின் பெயர் 1935-இல்தான் வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். 1936 ஜூலையில் உடற்பயிற்சி நாள் அணிவகுப்பின்போது செஞ்சதுக்கத்தில் ஸ்டாலின் முன்னிலையில் ஒரு கால்பந்து ஆட்டம் நடத்திக்காட்டத் திட்டமிட்டார்கள். கற்பாளம் பதித்த சதுக்கத்தில் எப்படி ஆடுவது? ஸ்பார்தக் வீரர்கள் இரவுகளில் போக்குவரத்து நின்ற பிறகு சதுக்கத்தில் அமர்ந்து, பிரம்மாண்டமான கம்பளி விரிப்பு ஒன்றைத் துண்டு துண்டாகத் தைத்து, பச்சை வண்ணம் பூசிக் கோடுகளும் வரைந்தார்கள். எதிர்த்து ஆடவிருந்த தினமோ விலகிக்கொள்ளவே, ஸ்பார்தக்கின் முதல் அணியும் ரிசர்வ் அணியும் தமக்குள்ளேயே மோதின. கம்யூனிஸ்ட் இளைஞர் கழகத் தலைவர் அலெக்சாந்தர் கோசரேவ் ஸ்டாலினின் அருகில் வெள்ளைக் கைக்குட்டையோடு நின்றார். ஸ்டாலினுக்குச் சலிப்புத் தட்டினால் அதை அசைக்க வேண்டும், உடனே ஆட்டம் நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கைக்குட்டை அசையவில்லை. 30 நிமிடத்துக்குத் திட்டமிட்ட ஆட்டம் 43 நிமிடம் நடந்தது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மக்களின் அணி என்பதால் அதிகாரத்தோடு ஒட்டுறவே இல்லாத அணி என்று எண்ணிவிடாதே. கோசரேவ் போன்ற செல்வாக்குள்ளவர்களின் கை இல்லாமல் ஸ்பார்தக் அவ்வளவு வேகமாக வளர்ந்திருக்காது. ஆனால் அந்தக் கை நிலையற்றது. 1938-இல் கோசரேவ் கைது செய்யப்பட்டு அடுத்த ஆண்டு சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த இரண்டு ஆண்டுகளிலுமே ஸ்பார்தக் லீக் பட்டத்தையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. வெற்றி வளர வளரப் பகையும் வளர்ந்தது. இரகசியப் போலீசின் தலைவரும் தினமோவின் புரவலருமான லவ்ரெந்தி பேரியா ஜார்ஜியாக்காரர். 1939 கோப்பை அரையிறுதியில் ஸ்பார்தக் அவருடைய ஊர் அணியான தினமோ திபிலிசியை 1-0 என வென்று, இறுதியாட்டத்தில் லெனின்கிராது அணியையும் தோற்கடித்துக் கோப்பையைப் பெற்றுவிட்டது. அதன் பிறகு, அரையிறுதியை மீண்டும் ஆட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது! இறுதியாட்டம் முடிந்தபின் அரையிறுதி ஆடப்பட்டதை வேறெங்கும் நான் படித்ததில்லை. ஸ்பார்தக் மறுபடியும் 3-2 என வென்றது.

1942 மார்ச்சில் நான்கு சகோதரர்களும் கைதானார்கள். லுப்யங்கா சிறையில் நெடிய விசாரணைக்குப் பின் 1943-இல் அவர்களுக்கு 10 ஆண்டு கட்டாய உழைப்பு முகாம் தண்டனை விதிக்கப்பட்டது. நிகொலாய் முதலில் வடக்கே உக்தாவுக்கும் பிறகு தூரக் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார். ஆயிரக்கணக்கான கைதிகளின் உயிரைக் கையில் வைத்திருந்த முகாம் அதிகாரிகள், தங்கள் ஊர் அணிக்குப் பயிற்சியாளராக அவரைப் பெறப் போட்டி போட்டார்கள் என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். தன்னைச் சிறையிட்ட துறையின் அணிகளுக்கே அவர் ஆட்டம் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. 1948-இல் ஸ்டாலினின் மகன் வசீலி தன் விமானப்படை அணிக்காக அவரை மாஸ்கோவுக்கு வரவழைத்துத் தன் வீட்டிலேயே பாதுகாத்துவைத்தும், பேரியாவின் ஆட்கள் விடவில்லை. கடைசியில் கஜகஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டவர், ஸ்டாலின் இறந்தபின் 1954-இல்தான் விடுதலையானார். மறு ஆண்டே ஸ்பார்தக்கின் தலைமைப் பொறுப்பை ஏற்று, தொண்ணூறு வயதுவரை அந்த அணியோடு இருந்து, 1996-இல் காலமானார். கசப்புக்கு எல்லாக் காரணமும் இருந்தும் அந்த மனிதர் வீட்டில் முடங்காமல் மைதானத்துக்குத் திரும்பினாரே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அவர் திரும்பியபின் அணி மலர்ந்தது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியில் பெரும்பகுதி ஸ்பார்தக் வீரர்களே. அதன் தலைவர் ஈகோர் நெத்தோவும் ஸ்பார்தக்காரர்தான். 1976-இல் உயர்மட்ட லீக்கிலிருந்து கீழே இறங்கிய அவமானமும் வந்தது. மறு ஆண்டு, ஒருகாலத்தில் தினமோவுக்கு ஆடிய கான்ஸ்தாந்தின் பேஸ்கோவைப் பயிற்சியாளராக்கி ஒரே பருவத்தில் மேலேறினார்கள். 1979-இல் சாம்பியனும் ஆனார்கள். பந்தை உயரத் தூக்கியடிக்காமல், நெருங்கி நின்று, குறும் பாஸ்களால் எதிரணியைத் துளைக்கும் ஆட்டம் அவருடைய காலத்தில்தான் ஸ்பார்தக்கின் அடையாளமாயிற்று. அதன் அழகை முழுமையாகக் காட்டியவர் ஃபியோதர் செரென்கோவ். உலகக் கோப்பை அணியில் அவருக்கு ஒருமுறைகூட இடம் கிடைக்கவில்லை என்பது இன்றும் ரசிகர்களின் மனக்குறை.

இனி எழுதப்போவது உனக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1982 அக்டோபர் 20 அன்று லுஷ்னிகி மைதானத்தில் ஹாலந்தின் ஹார்லெம் அணியோடு ஆட்டம். பனி பெய்து, கடுங்குளிர். வந்தவர்கள் குறைவு என்பதால் பெரும்பாலோரைக் கிழக்குக் கேலரியில் அமரவைத்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில், மெட்ரோவுக்கு அருகிலுள்ள படிக்கட்டில் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பனி உறைந்து வழுக்கிய படிகளில் யாரோ விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்து நசுங்கினார்கள். அதிகாரபூர்வக் கணக்கின்படி இறந்தவர்கள் 66 பேர். பெரும்பாலோர் பதின்ம வயதுப் பிள்ளைகள். கடைசி நிமிடத்தில் இரண்டாவது கோல் அடித்த செர்கேய் ஷ்வெத்சோவ், அந்தக் கோலை அடிக்காமலே இருந்திருக்கலாம் என்று பின்னர் வருந்தினார். மறுநாள் ஒரு மாலைப் பத்திரிகையில், பார்வையாளர்களுக்குக் காயம் என்ற அளவில் சிறு குறிப்பு வந்ததோடு சரி. முழுச் செய்தி வெளிவர 1989 ஆயிற்று. இறந்த பிள்ளைகளின் பெயர்கூடச் சொல்லாமல் ஏழு ஆண்டு மௌனம் காத்ததை, ஒரு பிள்ளையைப் பெற்றவன் என்ற முறையில் என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போது லுஷ்னிகியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒருநாள் போய்ப் பார்.

பிந்தைய வெற்றிகளை நீ இணையத்திலேயே படித்துக்கொள்வாய். ஓலெக் ரமான்த்செவின் பயிற்சியில் 1991-இல் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 3-1 என வீழ்த்தியதையும், ரஷ்ய லீக்கின் முதல் பத்துப் பருவங்களில் ஒன்பதில் பட்டம் வென்றதையும் மட்டும் விட்டுவிடாதே. அதன்பின் பட்டத்துக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொந்த ஸ்டேடியமும் 2014-இல் தூஷினோவில்தான் அமைந்தது.

நுழைவுக்கு ரசிகர் அட்டை கேட்பார்கள், முன்பே விண்ணப்பித்து வாங்கிவை. ஆட்டத்தன்று நேரத்தோடு கிளம்பி, மெட்ரோவின் ஊதாத் தடத்தில் ‘உலித்சா 1905 கோதா’ நிலையத்தில் இறங்கி, ப்ரெஸ்னியாவில் சற்று நடந்துவிட்டு, அதே தடத்தில் ‘ஸ்பார்தக்’ நிலையத்துக்குப் போ. ஸ்டேடியத்துக்குள் நான்கு சகோதரர்களின் சிலையையும் பார்க்கலாம். ஆட்டம் முடிந்ததும் எல்லோரோடும் முண்டியடித்து இறங்காதே. கேலரி காலியாகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் தோழிகளோடு சேர்ந்தே வா. விடுதிக்குத் திரும்பியதும், எவ்வளவு நேரமானாலும் சரி, எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பு.

அன்புடன்,
அப்பா