செட்டியார் தெருவிலிருந்து ஐயாவுக்கு

கொழும்பு 11

அன்புள்ள ஐயாவுக்கு, பேத்தி வணக்கத்துடன் எழுதுவது.

நான் சுகம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை. காலையில் இடியாப்பமும் சொதியும் நாக்குக்குப் பழகிவிட்டது.

கடல் கடந்து தொழில் பார்க்க, நம் வழக்கில் கொண்டுவிக்க, போகிற முதல் பொம்பளைப் பிள்ளை என்று வழியனுப்பினீர்கள். நீங்கள் பெட்டியடிப் பையனாகத் தொழில் பழகிய அதே தெருவில், ஒரு நகைக்கடையின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். தெரு முழுக்க இப்போது நகைக்கடைதான். கதிரேசன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன்.

வந்த புதிதில் ஒருவர் "சல்லி கட்ட வந்தனான்" என்றார். நம்மூரில் சல்லிக்காசு என்றால் ஒன்றுக்கும் ஆகாதது. இங்கே மொத்தப் பணத்துக்கும் அதுதான் பெயர், சிங்களவருக்கும் சல்லிதான். அவர்கள் வீடுகளிலும் சீட்டுப் பிடிக்கிறார்கள், பெயர்கூட நம்முடையதே.

இன்னொன்று லாச்சி. மேசை இழுப்பறையை அப்படிச் சொல்கிறார்கள், ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். வசூலை லாச்சியில் போட்டுப் பூட்டிவிட்டு வந்த ஒரு ராத்திரி, 'கேஷ்' என்பதை அகராதியில் தேடினேன். ஐயா, அதற்கு முதல் பொருள் பணமே இல்லை, பணம் வைக்கும் பெட்டி! இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்', இரண்டும் பெட்டிதான். பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு வந்துவிட்டது. பி.காம். மூன்று வருசமும் கேஷ் புக் எழுதினேன், ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. "எனக்கு இங்கிலீஷ் கணக்கு தெரியாதப்பா" என்பீர்களே, பணம் வைக்கும் கைப்பெட்டி முன்னால் உட்கார்ந்து நீங்கள் பார்த்த உத்தியோகத்துக்குத்தான் அவர்கள் கேஷியர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதே எழுத்துக்கூட்டில் இன்னொரு 'கேஷ்' உண்டு. இந்தியா, சீனா பக்கத்துச் சில்லறை நாணயத்தைக் குறிப்பது. அது நம்முடைய காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாக இங்கிலீஷுக்குப் போனது. பிறப்பால் இரண்டுக்கும் உறவில்லை.

'பேங்க்' என்பது பெஞ்சு. இத்தாலியில் நாணயம் மாற்றுகிறவர்கள் முன்னால் போட்டிருந்த பலகை. அந்தப் பலகை உடைந்தால் 'பாங்கா ரோட்டா', அதிலிருந்து வந்தது திவாலைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்'. இங்குள்ள தமிழர் திவால் என்பதே இல்லை, வங்குரோத்து என்கிறார்கள். அதுவும் ஒல்லாந்தர் மொழிவழி வந்த அந்த உடைந்த பலகைதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்ததிலிருந்து, வீட்டுக்கார அக்கா முதல் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர் வரை எல்லார் வாயிலும் அந்தச் சொல் இருந்ததாம். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றதை அக்கா சொல்லும்போது குரல் இறங்கிவிடும். எனக்கு அந்தச் சொல்லை வெறும் அகராதிச் சொல்லாகப் பார்க்க முடியவில்லை.

'மார்ட்கேஜ்' பழைய பிரெஞ்சில் செத்த ஈடு. 17-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கோக் என்ற நீதிபதி அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்: கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவனுக்குச் செத்தது, கட்டிவிட்டால் ஈடு கடன் கொடுத்தவனுக்குச் செத்தது. எப்படியும் ஒரு சாவு. நாம் நகையை 'மீட்கிறோம்', எனக்கு நம் சொல்தான் பிடித்திருக்கிறது. போன வாரம் ஓர் அம்மா மகளுடைய கல்யாணத்துக்குக் கொலுசும் சங்கிலியும் பார்க்க வந்தார். அடகிலிருந்த பழைய சங்கிலியை அன்று காலைதான் மீட்டிருந்தார். கழுத்தில் போட்டுக்கொண்டு, கையால் தடவித் தடவிப் பேசிக்கொண்டிருந்தார்.

உங்கள் கைப்பெட்டியைப் பழைய சாமான் கடைக்காரர் விலைக்குக் கேட்டாரென்று ஆத்தா போனில் சொன்னார்கள். கொடுத்துவிடாதீர்கள், ஐயா. தை மாதம் ஊருக்கு வரும்போது நான் எடுத்துக்கொள்கிறேன். சாவி அப்பத்தாவின் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், பத்திரம்.

உங்கள் அன்புப் பேத்தி