சனிக்கிழமை வந்த தாளும் திங்கட்கிழமை மருத்துவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஏதேனும் வந்தால் உடனே கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, அரைகுறை அறிவோடு மருத்துவரிடம் வந்து வாதிடுகிறவர்களைக் கண்டித்துத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட ஆபத்துகள் உண்மையானவை. ஆயினும் பழி முழுவதையும் தேடுகிறவர் தலையில் சுமத்தியிருப்பது சரியன்று என்பதை, ஒரு மருத்துவ ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நுட்புநராக இருந்து, ரத்தம் எடுத்த கையாலேயே முடிவுத் தாளையும் கொடுத்து வந்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாளைக் கொடுக்கும்போது விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு விதி. நோயாளியின் வரலாறு தெரியாதவன் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால் அந்த விதியில் நியாயமும் உண்டு. ஆகவே, வரம்பைத் தாண்டிய அளவின் பக்கத்தில் நாங்கள் போடும் நட்சத்திரக் குறியைக் காட்டி, "இதில் ஸ்டார் போட்டிருக்கிறதே, என்ன?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "டாக்டரிடம் காட்டுங்கள்" என்ற ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். தாள் கையில் கிடைப்பது சனிக்கிழமை மாலை. டாக்டரைப் பார்க்க முடிவது திங்கட்கிழமை. நடுவில் உள்ள இரண்டு இரவுகளை அவர் எப்படிக் கழிப்பார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. பணியின் கடைசி ஆண்டுகளில், படியிறங்குவதற்கு முன்பே கைபேசியை எடுத்து அந்த எண்ணைத் தட்டுகிறவர்களைப் பார்த்த பிறகுதான், அவர்களை இணையத்துக்கு அனுப்பி வைத்ததே என்னுடைய அந்த வாக்கியம்தான் என்பது எனக்கு உறைத்தது.

ஒரு தாயின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பதின்மூன்று வயது மகனின் தாளில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதியின் அளவு, பெரியவர்களுக்கான வரம்பைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. அவர் தேடியபோது கல்லீரல் நோயும் எலும்புப் புற்றுநோயும் வந்து நின்றன. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நீளும்போது இந்த நொதி இயல்பாகவே இவ்வளவு உயரும். பையனின் வயதுக்கான வரம்பை அச்சிடாமல் பெரியவர்களுக்கான வரம்பை அச்சிட்டுப் பக்கத்தில் நட்சத்திரமும் போட்டுக் கொடுத்தது நாங்கள். அந்த அம்மா தேடியதில் என்ன பிழை?

வரம்பு என்று தாளில் அச்சிடப்படுவது பெரும்பாலும் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? ஆரோக்கியமானவர்கள் பலரை அளந்து, அவர்களில் நடுவில் அமையும் 95 விழுக்காட்டினரின் அளவையே இயல்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவர், கணக்கின்படியே, வரம்புக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்கே செய்தால், ஒன்றிலாவது நட்சத்திரம் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் நாற்பது ஐம்பது அளவுகளை ஒரே தாளில் அடுக்கிக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு மூலையில் அச்சிட்டிருந்தால் பல வீடுகளில் அந்த இரண்டு இரவுகளும் தூக்கத்தோடு கழிந்திருக்கும்.

தேடல் எப்போதும் பயமுறுத்தத்தான் செய்யும் என்றும் சொல்ல முடியாது. வீண் நிம்மதியும் தரும். அது இன்னும் மோசம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c பரிசோதனையில் 6.8 என்று வந்த ஒருவர், 7-க்குக் கீழே இருந்தால் நீரிழிவு இல்லை என்று எங்கோ படித்துவிட்டு மருத்துவரிடம் போகாமலே இருந்துவிட்டார். அவர் படித்தது வெறும் வயிற்றுச் சர்க்கரையை மில்லிமோல் அலகில் சொல்லும் பக்கம். அந்த 7, நமக்குப் பழகிய மில்லிகிராம் அலகில் 126. அவருடைய 6.8 என்பதோ விழுக்காடு, அதில் 6.5 வந்தாலே நீரிழிவு என்று கொள்வார்கள். இரண்டும் எண்தான், இரண்டும் சர்க்கரைதான். தேடுபொறிக்கு அவ்வளவு போதும்.

தேடுபொறி காட்டுவது ஒரு நோயைப் பற்றி எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதையே தவிர, அது எவ்வளவு பேருக்கு வருகிறது என்பதை அன்று. தலைவலிக்கு மூளைக் கட்டி காரணமாக இருப்பது மிக அரிது, ஆனால் அதைப் பற்றிய பக்கங்களுக்குக் குறைவில்லை. அறிகுறிகளைக் கேட்டு நோயைச் சொல்லும் 23 செயலிகளைச் சோதித்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சரியான நோயை முதலாவதாகச் சொன்னது நூற்றுக்கு 34 முறைதான். அவசர சிகிச்சை தேவைப்பட்டவற்றில் 80 விழுக்காட்டைச் சரியாக இனங்கண்ட அதே செயலிகள், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடியவற்றில் 33 விழுக்காட்டைத்தான் அவ்வாறு இனங்கண்டன. பத்தாண்டு பழைய கணக்குதான்; ஆனாலும் சாதாரண உபாதையோடு தேடப் போனவர் ஏன் பதறித் திரும்பினார் என்பது இதில் தெரிகிறது.

தமிழில் தேடுகிறவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. தலைசுற்றலையும் மயக்கம் என்கிறோம், நினைவு தப்புவதையும் மயக்கம் என்கிறோம். நெஞ்சை அழுத்தும் வலியை வாயுப் பிடிப்பு என்று தட்டச்சு செய்தால் வாயுவுக்கான கைவைத்தியம்தான் கிடைக்கும். மாரடைப்புக்கு அதுவும் முகமாக இருக்கலாம் என்பதை, அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நிமிர்ந்து உட்காரும் மருத்துவர்தான் அறிவார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் வந்துவிட்டன. சாப்பாட்டு உப்பில் உள்ள குளோரைடைத் தவிர்க்க விரும்பிய 60 வயதுக்காரர் ஒருவர், அத்தகைய செயலியைக் கேட்ட பிறகு மூன்று மாதம் சோடியம் புரோமைடு என்ற வேதிப்பொருளை உப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தி, மனப்பிறழ்வுடன் மருத்துவமனையில் சேர்ந்ததை 2025-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அந்த மருத்துவர்கள் தாங்களும் அதே போன்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்தபோது, செயலி புரோமைடைக் குறிப்பிட்டது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மருத்துவர் முதலில் செய்வது அதைத்தான். தைராய்டு அளவுகள் தாறுமாறாக வந்த ஒரு பெண்ணிடம், முடி உதிர்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்று ஒரு மருத்துவர் கேட்டதை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். அம்மாத்திரைகளில் உள்ள பயோட்டின் என்ற வைட்டமின் சில பரிசோதனைகளைக் குழப்பிவிடும். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது அளவு இயல்பாக இருந்தது.

தேடாதீர்கள் என்று எழுதுவதால் யாரும் தேடாமல் இருக்கப் போவதில்லை. ஆய்வகங்கள் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வரம்பை அச்சிடலாம். நட்சத்திரம் என்றாலே நோய் என்று பொருளில்லை என ஒரு வரி சேர்க்கலாம். உடனே போக வேண்டிய அளவுகள் எவை, திங்கட்கிழமை வரை காத்திருக்கலாம் என்ற அளவுகள் எவை என்பதைப் பிரித்துச் சொல்லலாம். மருத்துவர்கள் "என்ன படித்தீர்கள்?" என்று எரிச்சலில்லாமல் கேட்டால், நோயாளியின் பயம் எங்கே இருக்கிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நலவாழ்வுப் பக்கத்தின் கேள்வி பதில் பகுதியில் வாசகரின் கேள்வி இரண்டு வரியிலும் மருத்துவரின் பதில் பத்து வரியிலும் வருகிறது. வயது, உடனிருக்கும் நோய்கள், எடுத்துவரும் மருந்துகள் ஆகியவற்றை அந்த மருத்துவர் கேட்டறிந்திருந்தால் அந்தக் கேள்விகளையும் பதிலோடு சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்