பந்து விளையாடக் கூடாதாம்

ஆசிரியருக்கு,

எங்கள் தெருக்கோடியில் ஒரு பூங்கா இருக்கிறது. வாசலிலேயே பலகை: 'பந்து விளையாடக் கூடாது'. காலை 10 மணிக்குப் பூட்டினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பள்ளி விடுமுறையிலும் இதே கதைதான். உள்ளே நடைபாதையும் பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகளும்தான். நானும் தினமும் அங்கே நடப்பவன், குறை சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பேரன் பந்தோடு தெருவுக்குப் போகிறான். அங்கே இரண்டு பக்கமும் கார்கள், நடுவில் தண்ணீர் லாரி.

இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அப்படிக் கிடைத்த இடத்தைச் சுவர் கட்டிப் பூட்டி வைத்தால் யாருக்குப் பயன்?

ஸ்பெயினில் பொன்தேவேத்ரா என்ற சிறு நகரம் 1999-இல் மையப்பகுதியிலிருந்து கார்களை ஒதுக்கத் தொடங்கியது. அங்கே பிள்ளைகள் தாமாகவே பள்ளிக்கு நடந்து போகிறார்கள். சரி, அவ்வளவு தூரம் போவானேன்? 2019-இல் பாண்டி பஜார் நடைபாதையை அகலமாக்கிய பிறகு, அம்மா கையை உதறிவிட்டு ஓடும் குழந்தைகளை அங்கேயே பார்த்தேன்.

எங்கள் பூங்காவுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பலகையைக் கழற்றி, விடுமுறை நாட்களில் பகல் முழுக்கக் கதவைத் திறந்து வையுங்கள். வெயில் என்பார்கள். உள்ளே மூன்று வேப்பமரங்கள் நிற்கின்றன.

ஒரு தாத்தா,
சென்னை