ஜகார் வாங்கிக் கொடுத்த மது

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்தது. கண் அறுவைக்குப் பிறகு பொடி எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. இனி என் கையெழுத்தைப் பழிக்க உனக்குச் சாக்கு இல்லை. இங்கே பத்து நாள்களாக ஓயாத மழை. வெளியே போக வழியில்லாமல், பல கோள்களின் தூதர்கள் கூடும் விண்வெளி நிலையத்தைப் பற்றிய 'பாபிலோன் 5' தொலைக்காட்சித் தொடரின் முதல் இரண்டு பருவங்களை மறுபடியும் பார்த்து முடித்தேன். முன்பு சேர்ந்து பார்த்தபோது, "ஐக்கிய நாடுகள் சபையைக் கொண்டுபோய் வானத்தில் வைத்தாலும் அங்கே வெறும் பேச்சுதான் நடக்கும்" என்று நீ கேலி செய்தாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது பாதி பதில் இருக்கிறது.

அந்த நிலையம் ஏன் கட்டப்பட்டது என்பதை நாம் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். மின்பாரிகள் என்ற வேற்றுக்கோள் இனத்தார் மரியாதையின் அடையாளமாகப் பீரங்கி வாய்களைத் திறந்துகொண்டு எதிரே வர, அதைத் தாக்குதல் என்று எண்ணிய மனிதர்கள் சுட்டுவிட, மின்பாரிகளின் தலைவர் இறந்துபோகிறார்; மனித இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளிய போர் அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஒருவர் வழக்கம் மற்றவருக்குத் தெரியாததால் வந்த வினை. அதனால்தான் எல்லா இனத்தாரும் அருகருகே குடியிருந்து பழகட்டும் என்று எட்டு கிலோமீட்டர் நீளத்தில், இரண்டரை லட்சம் பேர் வாழும் ஒரு சுழலும் ஊரைக் கட்டுகிறார்கள். முதல் மூன்று நிலையங்கள் நாசவேலையில் அழிந்தன. நான்காவது, செயல்படத் தொடங்கிய 24 மணி நேரத்தில் காணாமல் போனது. அதற்குப் பிறகும் ஐந்தாவதைக் கட்டினார்களே, அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது இரண்டாம் பருவத்தில் வரும், 1996-இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது பெற்ற அத்தியாயத்தைப் பற்றி. நார்ன் என்ற இன்னொரு இனத்தாரை ஒரு காலத்தில் அடிமைப்படுத்தியிருந்த சென்டாரி இனத்தாரின் முதிய பேரரசர் நிலையத்துக்கு வருகிறார். வரவேற்பிலேயே அவரைக் கொன்றுவிடத் துணிந்து நார்ன் தூதர் ஜகார் கத்தியோடு காத்திருக்கிறார். பேரரசரோ வழியிலேயே மயங்கி விழுகிறார். முன்னோர் செய்த கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேட்கவே அவர் அவ்வளவு தூரம் வந்தார் என்ற செய்தியை நிலையத்தின் மருத்துவர் வந்து ஜகாரிடம் சொல்கிறார். பேரவையில் எத்தனையோ வாக்கெடுப்பால் முடியாதது, நோயாளியின் படுக்கையிலிருந்து ஒரு மருத்துவர் சுமந்து வந்த சில சொற்களால் நடந்துவிடுகிறது.

அதன் பிறகுதான் அந்தக் காட்சி. நெஞ்சம் இளகிய ஜகார், தன் பரம எதிரியான சென்டாரி தூதர் லோண்டோவைத் தேடிப் போய் ஒரு கோப்பை மது வாங்கிக் கொடுத்து, பேரரசரின் நலத்துக்காகக் குடிக்கச் சொல்கிறார். ஒரு நார்ன் குடியிருப்பைத் தாக்கத் தானே ஏற்பாடு செய்துவிட்டோம், இனித் தடுக்க நேரமில்லை என்பது லோண்டோவுக்குத் தெரியும். தெரிந்தும் குடிக்கிறார். லோண்டோவாக நடித்த பீட்டர் ஜுராசிக்கின் கண்களை அந்த நேரத்தில் நீ மறுபடியும் பார்க்க வேண்டும். முகம் முழுவதும் ஒப்பனையால் மூடப்பட்டிருந்தும் அத்தனை மகிழ்ச்சியைக் காட்டிய, ஜகாராக நடித்த ஆண்ட்ரியாஸ் கட்சூலஸ் 2006-இல் காலமானார் என்பது நினைவுக்கு வந்து, சற்று நேரம் படத்தை நிறுத்திவைத்தேன்.

அத்தியாயம் முடிவதற்குள் போர் அறிவிக்கப்படுகிறது. ஆகவே உன் கேலி பொய் என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்தக் கோப்பை நீட்டப்பட்டது அந்த நிலையத்தில்தான். வேறெங்கும் அந்த இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்க மாட்டார்கள். ஜகாரின் அந்தச் சில நிமிட நம்பிக்கையை 'வெறும் பேச்சு' என்று தள்ள என்னால் முடியவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

தொடரின் 110 அத்தியாயங்களில் 92-ஐத் தானே எழுதிய, தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி, கடைசி அத்தியாயத்தில் நிலையத்தின் விளக்குகளை அணைத்துவிட்டுப் போகும் பணியாளராக வருகிறார். அதை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. தையில் நீ வருவதாக எழுதியிருக்கிறாய்; அதுவரை எடுத்துவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்