இசைத்தட்டு 10 வெள்ளி, அனுப்பும் செலவு 18 வெள்ளியா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்குகிறது. எங்கள் பழஞ்சாமான் கடையின் இணைய ஏலத்தில் குத்துவிளக்கும் பித்தளைக் குடமும் மும்முரமாகப் போகின்றன. கூடவே புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணே, இசைத்தட்டை 10 வெள்ளிக்கு எடுத்தேன், அனுப்புறதுக்கு 18 வெள்ளியா?" நியாயமான கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை என்பதால், எங்கள் கணக்கை இங்கே மொத்தமாக விரித்து வைக்கிறோம். ஏலத்தில் வாங்குகிறவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டுப் பழஞ்சாமான்களை எங்கள் மூலம் விற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதலில் சுருக்கமான பதில். கூரியர் கேட்கும் கட்டணம், அதோடு பெட்டி கட்டும் செலவு, இவ்வளவுதான் நாங்கள் வாங்குவது. பெட்டிச் செலவு சாதாரணச் சாமானுக்கு 3 வெள்ளி, உடையக்கூடியதற்கு 8 வெள்ளி. ஏலம் தொடங்கும் முன்பே பொருளின் விவரத்தில் மொத்தத் தொகையையும் போட்டுவிடுகிறோம். அனுப்பியபின் கூரியர் ரசீதைப் படம் பிடித்து அனுப்புவோம். ரசீதில் குறைவாக வந்திருந்தால் மிச்சம் உங்களுக்கே திரும்பி வரும். கூடுதலாகப் போயிருந்தால் அது கடையின் தலையில்.

சரி, அந்தக் கூரியர் கட்டணம் ஏன் அவ்வளவு? எடையை வைத்து மட்டும் கணக்குப் போடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கூரியர்காரர்கள் பெட்டியின் அளவையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000 ஆல் வகுப்பார்கள். சில சேவைகளில் 6000 ஆல். வருகிற எண்தான் பெட்டியின் 'அளவு எடை', கிலோவில். தராசு காட்டும் எடை, அளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

சென்ற மாதம் ஒரு பிரம்புக் கூடை ஏலத்துக்கு வந்தது. தோட்டத்தில் யாரோ முடைந்த பழைய கூடை, தராசில் வைத்தால் ஒரு கிலோகூட இல்லை. அதை வைக்க 40க்கு 30க்கு 30 சென்டிமீட்டர் பெட்டி வேண்டும். பெருக்கினால் 36,000. அதை 5000 ஆல் வகுத்தால் 7.2 கிலோ. அதே வாரம் போன குத்துவிளக்கு நிஜமாகவே 4 கிலோ. மூன்றாகக் கழற்றி 35க்கு 15க்கு 15 பெட்டியில் அடக்கிவிட்டோம். அளவு எடை 1.6 கிலோகூட வரவில்லை, அதனால் 4 கிலோவுக்கான பணம்தான். கூடை விளக்கைவிட அதிகச் செலவில் போனது. வாங்கியவர் நம்பவில்லை. பெட்டியின் மேல் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பியபின்தான் சமாதானமானார். அதிலிருந்து எல்லாப் பெரிய சாமானுக்கும் பெட்டி அளவை விவரத்திலேயே எழுதுகிறோம். நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இசைத்தட்டு வேறு கதை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள் பிளாஸ்டிக் அல்ல, அரக்கில் கல்தூள் கலந்து வார்த்தவை. கீழே விழுந்தால் பீங்கான் தட்டு மாதிரிச் சில்லாகும். சும்மா உறைக்குள் போட்டு அனுப்பினால் போகிற இடத்தில் சில்லுதான் கிடைக்கும். நாங்கள் செய்வது இது. முதலில் தட்டை அதன் காகித உறையோடு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் போடுவோம். இரண்டு பக்கமும் தட்டைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலான அட்டை. நெளி அட்டையின் கோடு ஒரு பக்கம் நெடுக்காகவும் மறுபக்கம் குறுக்காகவும் இருக்கவேண்டும், அப்போதுதான் வளையாது. விளிம்பு எந்த இடத்திலும் அட்டை ஓரத்தைத் தொடக்கூடாது. அதன்மேல் பபள் ரேப், அப்புறம் பெட்டி, பெட்டிக்குள் நான்கு பக்கமும் கசக்கிய நாளிதழ். குலுக்கிப் பார்த்தால் சத்தம் வரக்கூடாது. நல்ல பெட்டி கட்ட ஓர் ஆள் அரைமணி நேரம் உட்காரவேண்டும். 8 வெள்ளியில் டேப்பும் அட்டையும் போக மிஞ்சுவது அந்த ஆளுக்குத் தேநீருக்குத்தான் ஆகும். ஒரு தட்டைக் கட்டுவதும் நான்கு தட்டைக் கட்டுவதும் ஏறக்குறைய ஒரே வேலை, ஒரே பெட்டி. ஆகவே தட்டு வாங்குகிறவர்கள் ஒன்றோடு நிறுத்தாமல் சேர்த்து எடுத்தால் உங்களுக்குத்தான் லாபம்.

இவ்வளவு கணக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அஞ்சல் செலவை வைத்து ஏமாற்றுவது இணைய ஏலத்தில் பழைய வித்தை. இபேயில் ஒரு காலத்தில் பொருளின் விலையை 1 சென் என்று போட்டு, அஞ்சலுக்கு 30 டாலர் கேட்பவர்கள் இருந்தார்கள். ஏலத் தளம் பொருளின் விலைக்கு மட்டுமே கமிஷன் எடுத்தது. அஞ்சல் பணத்தைத் தொடவில்லை. அதனால் லாபத்தை அஞ்சலுக்குள் ஒளித்து வைத்தார்கள். பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் 'பொருளின் விலை 1 சென், இந்தாருங்கள்' என்று கையை விரிக்கவும் அதில் வசதி. 2011இல் அமெரிக்க இபே அஞ்சல் பணத்தையும் சேர்த்தே கமிஷன் எடுக்கத் தொடங்கிய பிறகு இந்த வித்தைக்கு அங்கே மவுசு குறைந்தது. நம் மலேசிய முகநூல் ஏலங்களில் இன்னும் பார்க்கிறோம். நேரலையில் 1 வெள்ளி, 1 வெள்ளி என்று கூவுவார்கள். எடுத்தபின்தான் அஞ்சல் தொகை வரும்.

அந்த வித்தை பலிப்பதற்கும் காரணம் இருக்கிறது. தன்ஜிம் ஹுசைன், ஜான் மோர்கன் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் இபேயில் இசை சிடிகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் ஏலம் விட்டுச் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே சிடி. ஒரு முறை தொடக்க விலை 4 டாலர், அஞ்சல் இலவசம். இன்னொரு முறை தொடக்க விலை 1 சென், அஞ்சல் 3.99 டாலர். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டாவது விதத்தில்தான் விற்றவருக்குப் பெரும்பாலும் அதிகப் பணம் வந்தது. ஏலம் கேட்கும் வேகத்தில் நம் கண் பெரிய எழுத்தில் உள்ள விலையிலேயே நிற்கிறது, கீழே சின்ன எழுத்தில் இருப்பதை மனம் கூட்டிக்கொள்வதில்லை.

ஆகவே எங்கள் ஏலத்திலும் சரி, வேறு யார் ஏலத்திலும் சரி, இப்படி ஏலம் கேளுங்கள். ஒரு விளக்குக்கு மொத்தமாக 100 வெள்ளி வரை தரலாம் என்று மனதில் இருந்தால், முதலில் அஞ்சல் 18 வெள்ளியைக் கழித்துவிடுங்கள். 82இல் நின்றுகொள்ளுங்கள். அஞ்சல் தொகை போடாத ஏலத்தில் கை வைக்கவே வேண்டாம். மின்வணிகத்துக்கென்று உள்ள நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகள், அனுப்பும் செலவு உட்பட முழு விலையையும் விற்பவர் காட்டவேண்டும் என்கின்றன. கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட ஒன்றுமில்லை.

'அப்படியானால் அஞ்சல் இலவசம் என்று போட்டுவிடலாமே' என்று சிலர் கேட்கிறார்கள். இலவசம் என்று ஒன்றும் கிடையாது. தொடக்க விலையைத் தூக்கிவைத்து அதற்குள் அடக்கவேண்டும். அடக்கும்போது யாருக்கு அடக்குவது? ஈப்போவுக்கு ஒரு செலவு, கடல் தாண்டிய சபா சரவாக்குக்கு வேறு செலவு. பொதுவாக ஒரு தொகையை அடக்கினால் ஈப்போக்காரர் சரவாக்கின் சிபுக்காரருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். சரவாக்கின் மிரியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கோபமாக எழுதியிருந்தார், 'நாங்களும் மலேசியர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் கூடுதல்?' என்று. அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் 4 கிலோ விளக்கு கடல் தாண்டுகிற செலவை எங்களாலும் விழுங்க முடியாது, தைப்பிங்கில் இருப்பவரிடம் கேட்பதும் முறையில்லை. ஒன்று மட்டும் செய்கிறோம். சதுர ஒரு சென் காசு, ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு, தபால் தலை போன்ற உறைக்குள் அடங்கும் சாமான்களுக்கு நாடு முழுக்க ஒரே கட்டணம். வித்தியாசம் வந்தால் கடை பார்த்துக்கொள்ளும்.

இனி, எங்களிடம் பொருளை விற்கக் கொடுப்பவர்களுக்கு. தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்து பிள்ளைகளோடு பட்டணத்துக்குப் போகிற குடும்பங்கள்தான் அதிகம் கொண்டுவருகிறார்கள். எனாமல் சாப்பாட்டுக் கேரியர், வெங்கலப் பானை, ரப்பர்ப் பால் மங்கு, பழைய பால்வெட்டுக் கத்தி. ஒரு அக்கா நேரடியாகவே கேட்டார், "வாங்கினவர் 105 வெள்ளி கட்டியிருக்கார், எனக்கு 60 தர்றீங்க?" அவர் கணக்கையே உதாரணமாகச் சொல்கிறோம். பானை ஏலத்தில் விழுந்த விலை 80. கூரியருக்கும் பெட்டிக்கும் 25, அது நம் யாருக்கும் வரும்படி இல்லை. எங்கள் கமிஷன் 80க்கு 15 விழுக்காடு, 12 வெள்ளி. ஏலத் தளம் 10 விழுக்காடு எடுப்பதாக வைத்துக்கொண்டால், அது 80க்கு அல்ல, 105க்கு எடுக்கும், 10.50 வெள்ளி. அதில் பானைக்கான 8 வெள்ளி பானைக்காரர் கணக்கு. அஞ்சல் பணத்தின் மேல் விழும் 2.50 எங்கள் 12இலிருந்து போகிறது. அக்காவுக்கு 60, எங்களுக்கு 9.50. இதைக் கையால் ஒரு தாளில் எழுதித்தான் கொடுத்தோம். இனி எல்லாருக்கும் அப்படியே கொடுப்போம்.

'1 வெள்ளியில் தொடங்கி அஞ்சலை 40 போடுங்கள், ஏலம் சூடு பிடிக்கும்' என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். உங்கள் பொருள்தான், ஆனால் ஏலத்தில் நிற்பது எங்கள் பெயர்.

வெளிநாட்டு அஞ்சல் பற்றி இரண்டு வார்த்தை. 'சீனாவிலிருந்து கிளிப் 2 வெள்ளிக்கு வீடு தேடி வருகிறது, சிங்கப்பூருக்கு உங்கள் சாப்பாட்டுக் கேரியர் அனுப்ப மட்டும் ஏன் இவ்வளவு?' என்பார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் சேர்த்து மொத்தமாக ஏற்றுகிறார்கள். நாங்கள் ஒன்றிரண்டாக அனுப்புகிறோம். அதோடு, ஒரு நாட்டு அஞ்சல் துறை இன்னொரு நாட்டுக்குத் தபாலைக் கொண்டுசேர்க்க எவ்வளவு தரவேண்டும் என்பதை 1874இல் பெர்ன் நகரில் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம் வகுக்கிறது. சீனா உட்பட வளரும் நாடுகளுக்கு அதில் நெடுங்காலம் சலுகை இருந்தது. அமெரிக்கா இதை எதிர்த்து, அந்த ஒன்றியத்தின் 2019 ஜெனீவா மாநாட்டுக்குப் பின் தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்க வழி செய்துகொண்டது. உள்ளூர்க் கடைக்காரன் கையில் இதெல்லாம் இல்லை. ஒன்று மட்டும், சுங்கப் படிவத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்லாதீர்கள். விற்றதை விற்றது என்றுதான் எழுதுவோம். விலையைக் குறைத்தும் எழுதமாட்டோம். தொலைந்தால் எழுதிய தொகைக்கு மேல் இழப்பீடு கிடைக்காது.

பல பொருள் எடுப்பவர்களுக்கு 14 நாள் வரை சாமானை வைத்திருந்து ஒரே பெட்டியில் அனுப்புகிறோம். பணத்தை அந்தந்த ஏலம் முடிந்ததும் கட்டிவிடுங்கள், அஞ்சலைக் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டினால் போதும். திருப்பி அனுப்புவதில் எங்கள் முறை இது. விவரத்தில் எழுதாத விரிசலோ ஓட்டையோ இருந்தால் போகவர இரண்டு அஞ்சலும் எங்களுடையது. மனம் மாறித் திருப்பினால் பொருளின் விலை மட்டும் வரும், அஞ்சல் உங்களுடையது. உடைந்து வந்தால் பெட்டியை வீசிவிடாமல் உள்ளும் வெளியும் படம் எடுத்து அன்றே அனுப்புங்கள். கூரியரிடம் இழப்பீடு கேட்க அந்தப் படம் இல்லாமல் முடியாது.

தீபாவளிக்கு வீட்டில் ஏற்ற வேண்டிய விளக்கு என்றால் 10 நாளுக்கு முன் பணம் கட்டியிருக்க வேண்டும், சபா சரவாக்குக்கு மூன்று வாரம். அதற்குப் பிந்தினால் அனுப்புவோம், பண்டிகைக்குள் சேருமென்று வாக்குக் கொடுக்கமாட்டோம். ஈப்போ, கோல கங்சார் பக்கம் இருப்பவர்கள் நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம். கூரியரும் இல்லை, பெட்டிச் செலவும் இல்லை, ஏலம் எடுத்த விலை மட்டும். செவ்வாய் கடை அடைப்பு, மற்ற நாள் காலை 10 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். வரும்போது ஒரு பழைய துண்டோ சாக்கோ கொண்டுவாருங்கள்; விளக்கைச் சுற்றிக் காரில் வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கடையினர்
சுங்கை சிப்புட், பேராக்